சமஷ்டி என்னும் சொல்லும் தந்தை செல்வாவும்

நம் ஊரில் 'யூனியன் ஆபீஸ்' எங்கே என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் கைகாட்டிவிடும். அதன் பெயர்ப்பலகையில் உள்ள சொல் 'ஊராட்சி ஒன்றியம்'. பல ஊராட்சிகள் தத்தம் தனிமையை இழந்துவிடாமல் பொதுக்காரியங்களுக்காகச் சேர்ந்திருப்பதை அச்சொல் குறிக்கிறது. ஐரோப்பாவில் 27 நாடுகள் சேர்ந்து நடத்தும் பேரமைப்புக்கும் தமிழில் நாம் வழங்கும் பெயர் ஒன்றியம்தான். 2021ஆம் ஆண்டில் 'மத்திய அரசு' என்பதா, 'ஒன்றிய அரசு' என்பதா என்று தமிழ்நாட்டில் பெரியதொரு வாதம் எழுந்ததும் மன்ற அன்பர்களுக்கு நினைவிருக்கும். அரசியலமைப்பின் முதற்கூறே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று கூறுகிறது என்றனர் ஒரு சாரார். சொல்லில் உள்நோக்கம் இருக்கிறது என்று ஐயுற்றனர் மற்றொரு சாரார். இணைப்பைக் குறிக்கும் ஒரு சொல்லே பிளவுக்கு அடையாளம் என ஐயுறப்படுவது விந்தைதான். அவ்விந்தையைத் தம் வாழ்நாளெல்லாம் சுமந்து திரிந்த ஒருவரின் வரலாற்றையே பத்தாண்டு நிறைவு மலருக்கென எழுதத் துணிந்தேன்.

அவ்வரலாற்றுக்குள் புகுமுன் ஐரோப்பாவைச் சற்றே பார்த்துவிடுதல் நலம். ஐரோப்பிய நாடுகள் ஓரரசாக இறுகிச் சேர வேண்டும் என்று விழைவோருக்கு அங்கே வழங்கும் பெயர் 'பெடரலிஸ்ட்'. உடன்படிக்கை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லொன்று அதன் வேர். முசோலினியின் சிறையில் பத்தாண்டுகளும் அதன்பின் தீவுக் காவலில் சில ஆண்டுகளும் கழித்த அல்தியேரோ ஸ்பினெல்லி என்பார், 1941இல் வென்தோத்தேனே என்னும் சிறு தீவில் இருந்துகொண்டு, எர்னெஸ்தோ ரோசியுடன் சேர்ந்து ஓர் அறிக்கை வரைந்தார். தனித்தனி நாடுகளின் எல்லையற்ற இறைமையே போருக்கு வித்து என்பதும், ஐரோப்பா கூட்டாட்சியாக இணைய வேண்டும் என்பதும் அதன் சாரம். பெண்கள் சிலர் அதனை மறைத்து வெளிக்கொணர்ந்தனர். 1943இல் மிலான் நகரில் அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயரிலேயே அச்சொல் இடம்பெற்றது. ஆக ஐரோப்பாவில் பெடரலிஸ்ட் என்றால் ஒன்றுசேர்ப்பவர்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் அதே சொல்லுக்கு முகம் மாறிவிடுகிறது. தம் நாட்டு அதிகாரமெல்லாம் புருசெல்சு நகரில் போய்க் குவிந்துவிடும் என்ற அச்சத்தை அது பிரிட்டானியரிடையே எழுப்பியது. 1991 டிசம்பரில் மாஸ்ட்ரிக்ட் மாநாட்டில் வரைவு உடன்படிக்கையிலிருந்து அச்சொல்லை நீக்கச் செய்துவிட்டே பிரிட்டன் ஓய்ந்தது. செர்மானியர்க்கோ அது மாநிலங்களின் உரிமைக்குக் காவலான சொல். அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவியிருப்பதையே அவர்கள் அதனால் கருதுகிறார்கள். ஒரே சொல்லை ஒருவர் குவிப்பு என்று அஞ்ச, இன்னொருவர் பரவல் என்று போற்றுகின்றனர். இலங்கையில் நிகழ்ந்தது மூன்றாவது வகை. அங்கே அச்சொல்லைச் சொன்னவர் சேர்ந்து வாழ வழி கேட்டார். கேட்டவர்களுள் பெரும்பாலோர் காதில் அது பிரிவினை என்று விழுந்தது. சொன்னவர் பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். தந்தை செல்வா என்பது மக்கள் இட்ட பெயர்.

1898 மார்ச் 31ஆம் நாள் மலாயாவில் ஈப்போ நகரில் அவர் பிறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பிழைப்புத் தேடி மலாயா சென்ற எண்ணற்ற குடும்பங்களுள் அவருடைய குடும்பமும் ஒன்று. சிறு பிராயத்திலேயே தாயுடன் தெல்லிப்பழைக்குத் திரும்பி, அங்குள்ள யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர்க் கொழும்பில் புனித தோமையார் கல்லூரியிலும் பயின்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக 1918இல் அறிவியல் பட்டம் பெற்றார். ஆசிரியப் பணியில் அமர்ந்தவர், நோயுற்றுக் கிடந்த உடன்பிறப்பைக் காணச் செல்ல விடுப்பு மறுக்கப்பட்டபோது வேலையையே விட்டுவிட்டார். மெலிந்த உடலும் மென்மையான குரலும் கொண்ட இம்மனிதரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அது உரத்துப் பேசாத பிடிவாதம். பின்னாளில் அவருடைய அரசியலும் இவ்வண்ணமே இருந்தது.

பின்னர்ச் சட்டம் பயின்று குடியியல் வழக்குகளில் கொழும்பில் பெரும்பெயர் ஈட்டினார். 1927இல் எமிலி கிரேசை மணந்தார். 1947இல் அரச வழக்குரைஞர் என்னும் உயர்நிலை அவருக்கு வாய்த்தது. மேடையைக் கலக்கும் நாவன்மை அவரிடம் இல்லை. காணி உறுதிகளையும் உடன்படிக்கைகளையும் வரிவரியாகப் படித்து, எழுதியது எழுதியபடி நிற்க வேண்டும் என்று வாதிடுவதே அவர் தொழில். அரசியலுக்கும் அம்மனப்பாங்கையே கொண்டுவந்தார் என்பது என் கணிப்பு. கையெழுத்திட்ட தாளுக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கை அவரை விட்டு எளிதில் அகலவில்லை.

ஜி. ஜி. பொன்னம்பலம் 1944இல் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசில் செல்வநாயகம் முன்னணித் தலைவருள் ஒருவராக இருந்தார். 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே இலங்கை விடுதலை பெற்றது. அதே 1948இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்தும் கண்காணிகளின் பின்னே நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் சேர மறுத்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவருக்கு மலையகத் தோட்டத் தொழிலாளியின் வாக்குரிமை பறிபோவதால் நேரடி இழப்பு யாதுமில்லை. இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மொழியுரிமையாக நமக்கும் நேரும் என்று அவர் கண்டார். அந்தக் கணக்குப் பிழைக்க எட்டாண்டு கூட ஆகவில்லை என்று சொல்ல முடியாது. எட்டாண்டுக்குள் அது பலித்தே விட்டது.

கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் வெளியேறிய அவர், 1949 டிசம்பர் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் புதிய கட்சியைத் தோற்றுவித்தார். தமிழில் அதன் பெயர் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி'. ஆங்கிலத்தில் 'பெடரல் கட்சி'. ஒரு குழந்தைக்கு இரு பெயர் இட்டது போன்ற இச்செயல் பின்னாளில் பெரும் வழக்காயிற்று. ஐரோப்பாவில் அப்போது என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கட்சி தோன்றி ஐந்து மாதங்கள்கூட நிறையாமுன், 1950 மே 9ஆம் நாள், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான், நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக ஆளும் தம் திட்டத்தை வெளியிட்டு, அது ஐரோப்பியக் கூட்டாட்சிக்கு முதற்படி என்று அறிவித்தார். இரு பெரும் போர்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த பிரான்சும் செர்மனியும் அச்சொல்லைத் துணிந்து உச்சரித்த காலத்தில்தான், போர் எதுவும் நடவாத ஒரு சிறு தீவில் அச்சொல்லைச் சொல்வது குற்றம்போல் ஆகத் தொடங்கியது.

தமிழ்நாட்டு அன்பர்க்கு 'தமிழரசு' என்ற பெயர் புதிதன்று. ம. பொ. சிவஞானம் 1946இலேயே தமிழரசுக் கழகம் கண்டார். இந்தியக் கூட்டாட்சிக்குள் தன்னாட்சியுடைய தமிழகமே அவர் குறிக்கோள். 'அரசு' என்ற தமிழ்ச் சொல் நெகிழ்வானது. முடியரசையும் குறிக்கும், ஒரு மாநிலத்தின் அரசாங்கத்தையும் குறிக்கும். தமிழ்நாடு அரசு என்று நாம் நாள்தோறும் எழுதும்போது தனிநாடு யார் மனத்திலும் எழுவதில்லை. ஆயின், 'தமிழரசு' என்பதை வேற்று மொழியில் பெயர்த்தவர்கள் அதைத் தனி இராச்சியம் என்றே பெயர்த்தனர். ஆங்கிலப் பெயர் ஒரு முகமூடி என்றும், தமிழ்ப் பெயரே உண்மை முகம் என்றும் பழித்தனர். பழித்தவர் பலர் உள்நோக்கமுடையோர் என்பது மெய்யே. ஆனாலும், ஒரு புலவர் மன்றத்தின் மலரில் இதைச் சொல்லாமல் விட இயலாது: சொல் தேர்வில் அன்று இன்னும் சற்று எச்சரிக்கை வேண்டியிருந்தது. மூன்று மொழி பேசும் நாட்டில் இரண்டு மொழிகளில் மட்டும் பெயர் சூட்டிக்கொண்டு, மூன்றாம் மொழியில் அதற்குப் பொருள் சொல்லும் பணியைப் பகைவரிடமே விட்டுவிட்டார்கள். சிங்களச் சிற்றூர்களுக்குச் சென்று சிங்களத்திலேயே விளக்கும் முயற்சி தொடர்ந்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. நடந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

ஈழத்துத் தமிழர் பெடரல் என்பதற்குக் கையாண்ட சொல் 'சமஷ்டி'. நாம் 'கூட்டாட்சி' என்கிறோம். சமஷ்டி வடசொல். வேதாந்த நூல்களில் 'வியஷ்டி' என்பதற்கு மறுதலையாக வரும். தமிழ் நூலோர் 'சமட்டி, வியட்டி' என்பர். மரம் வியஷ்டி, மரங்கள் சேர்ந்த காடு சமஷ்டி. தனித்தனியாக நிற்பன யாவும் தம் தன்மை கெடாமல் ஒரு முழுமையாகக் காணப்படுவதே சமஷ்டியின் பொருள். பிரிவினை என்ற குற்றச்சாட்டைச் சுமந்த சொல்லுக்கு, அதன் பிறப்பிடத்தில், முழுமை என்று பொருள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலங்கையில் இக்கருத்தை முதன்முதலாகப் பரப்பியவர் தமிழர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பிய இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1926இல் செய்தித்தாளில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதியும், யாழ்ப்பாணத்தில் சொற்பொழிவாற்றியும், இலங்கைக்குக் கூட்டாட்சியே ஏற்றது என்று வாதிட்டார். மறு ஆண்டு, டொனமூர் ஆணைக்குழுவின் முன் கூட்டாட்சி கேட்டு நின்றவர்கள் கண்டிச் சிங்களவர். தமிழ்த் தலைவர்கள் அன்று அதில் நாட்டம் காட்டவில்லை. ஆக, அச்சொல்லின் பொருளை மாற்றியது அகராதியன்று. யார் வாயிலிருந்து வந்தது என்பதே.

நம் நிலத்துக்கும் இது முற்றிலும் அந்நியமான கதையன்று. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஓரணியில் சேர்த்து, திருவிதாங்கூரையும் துணைக்கொண்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்தார். கிழக்குப் பாளையங்கள் அவ்வணியில் சேரவில்லை. தம் கோட்டையும் தம் கொடியும் தமக்கே இருக்க, பொது ஆபத்தை ஒன்றாக எதிர்கொள்வது என்பதை அன்றைய வாசுதேவநல்லூர்க் கோட்டை அறிந்திருந்தது. அதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்பது வேறு செய்தி.

கட்சியின் முதல் மாநாடு 1951 ஏப்பிரலில் திருகோணமலையில் கூடியது. 1952 தேர்தலில் செல்வநாயகம் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். சமஷ்டி என்ற சொல் யாழ்ப்பாணத்து வாக்காளரையே அன்று கவரவில்லை என்பதை இது காட்டும். அச்சொல்லுக்கு ஆதரவு திரட்டித் தந்தது கட்சியின் பரப்புரையன்று, கொழும்பின் சட்டம். 1956இல், முன்பு கூட்டாட்சி பேசிய அதே பண்டாரநாயக்கா, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கத்தோடு பெருவெற்றி பெற்றார். அதே தேர்தலில் செல்வநாயகமும் வென்றார். ஜூன் 5ஆம் நாள் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, காலிமுகத் திடலில் செல்வநாயகமும் தோழர்களும் அறப்போர் செய்து அமர்ந்தனர். கும்பல் தாக்கியது. திருப்பித் தாக்காமல் அடி வாங்கினர். 'ஈழத்துக் காந்தி' என்ற பெயர் அவர்க்குப் பொருந்திவந்தது இத்தகைய நிகழ்ச்சிகளால்.

1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இதில் சொல்லாராய்ச்சியாளர்க்கு உரியதொரு செய்தி உண்டு. சமஷ்டி என்ற கோரிக்கையை விவாதிக்க இயலாது என்று தலைமையமைச்சர் முன்னரே தெரிவித்துவிட்டார் என்பது ஒப்பந்தத்தின் முகப்பிலேயே பதிவாயிற்று. செல்வநாயகம் சொல்லை ஒதுக்கிவைக்க இசைந்தார். பொருளில் ஒரு பகுதி கிடைத்தால் போதும் என்று எண்ணினார். வடக்கே ஒரு பிராந்திய சபை, கிழக்கே இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ. வேண்டுமானால் மாகாண எல்லை கடந்தும் அவை இணையலாம். வேளாண்மை, கல்வி, காணி, குடியேற்றம் முதலியன சபைகளின் பொறுப்பு. தமிழ் தேசியச் சிறுபான்மையினர் மொழியாக ஏற்கப்படும். கட்சியின் தீவிரர் சிலர்க்கு இது குறைவாகத் தோன்றியது. செல்வநாயகம் இடைக்கால ஏற்பாடு என்று விளக்கம் சொன்னார். எனக்கு இங்கேதான் அவருடைய பெருந்தன்மை புலப்படுகிறது. தம் கட்சியின் பெயராகவே இருந்த சொல்லை, ஒரு சமாதானத்துக்காக, மேசையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எத்தனை தலைவர்க்கு மனம் வரும்?

ஒப்பந்தம் ஓராண்டு வாழவில்லை. எதிர்க்கட்சியினர் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டனர். 1958 ஏப்பிரல் 9ஆம் நாள் பௌத்த துறவியர் தலைமையமைச்சரின் இல்ல முற்றத்தில் அமர்ந்து வற்புறுத்த, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டே அவர்கள் எழுந்தனர். மே மாதம் நாடெங்கும் கலவரம். தமிழர் பலர் உயிரிழந்தனர். கொழும்பிலிருந்து கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டவர் பல்லாயிரவர். செல்வநாயகமும் தோழர்களும் காவலில் வைக்கப்பட்டனர். கையெழுத்திட்ட பண்டாரநாயக்காவும் அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு துறவியின் துப்பாக்கிக்கு இரையானார்.

1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணம் கச்சேரியின் வாயிலில் தொடங்கிய அறப்போர் வடக்கு கிழக்கு முழுதும் பரவி, அரசு நிர்வாகத்தைப் பல வாரங்கள் முடக்கியது. ஏப்பிரலில் கட்சி தனக்கென அஞ்சல் சேவையே நடத்தி முத்திரை வெளியிட்டது. சமஷ்டியாளர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் அஞ்சல்தலை அச்சிட்டது தனியரசின் சாயலை ஏற்படுத்தவில்லையா என்று எதிரிகள் கேட்டனர். கேட்கத்தக்க கேள்விதான். சட்ட மறுப்பின் அடையாளச் செயல் என்பதே கட்சியின் விளக்கம். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. பாணாகொடை முகாமில் தலைவர்கள் பல மாதம் அடைபட்டிருந்தனர்.

மீண்டும் ஒரு தாள், மீண்டும் ஒரு கையெழுத்து. 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவுடன் ஓர் உடன்பாடு. இம்முறை பிராந்திய சபை என்பதும் மாவட்ட சபை என்று சுருங்கியது. தமிழரசுக் கட்சி ஆட்சிக்கு ஆதரவளித்தது, மு. திருச்செல்வம் அமைச்சரானார். 1968இல் மாவட்ட சபைத் திட்டமும் கைவிடப்பட்டது. கட்சி ஆட்சியிலிருந்து விலகியது. ஒவ்வொரு முறையும் கேட்டது குறைந்துகொண்டே வந்ததையும், குறையக் குறையக் கிடைப்பது இல்லையென்றே ஆனதையும் காண்கையில், கடன்காரன் வாயிலில் நின்ற நம் ஊர் விவசாயிதான் நினைவுக்கு வருகிறான்.

அதே 1968இல் செல்வநாயகத்தின் தொகுதியிலேயே உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலய நுழைவுக்காகப் போராடினர். கட்சி தன் முழு வலுவையும் அவர்கள் பக்கம் இறக்கவில்லை என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. கிறித்தவராகிய அவர் இந்துக் கோயில் வழக்கில் தலையிடத் தயங்கியிருத்தல் கூடும். ஆயினும், உறுப்புகள் யாவும் சமம் என்பது சமஷ்டியின் உயிர்க்கொள்கை எனில், அக்கொள்கை தெல்லிப்பழைக்கு அடுத்த தெருவிலும் செல்ல வேண்டியதே. அவரை மதிக்கும் நாமும் இதை மறைத்தல் ஆகாது.

1970ஆம் ஆண்டுத் தேர்தலறிக்கையே அச்சொல்லின் உண்மைப் பொருளுக்குச் சிறந்த சான்று. நாட்டைப் பிரிப்பது எவ்வகையிலும் நாட்டுக்கும் தமிழ்பேசும் மக்களுக்கும் நன்மை தராது என்றும், பிரிவினை கோரும் இயக்கங்களை ஆதரிக்க வேண்டா என்றும் தமிழரசுக் கட்சி மக்களிடம் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டது. கட்சியை விட்டுப் பிரிந்து தன்னாட்சிக் கழகம் கண்ட வி. நவரத்தினம் அத்தேர்தலில் தோற்றார். தமிழரசுக் கட்சி 13 இடங்களில் வென்றது. சமஷ்டிக்கும் பிரிவினைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வாக்காளர் ஐயமின்றி அறிந்திருந்தனர். அறிய வேண்டியவர்கள் அறிய விரும்பவில்லை.

அடுத்து அரசியலமைப்பு அவை கூடியது. கூட்டாட்சி வேண்டும் என்ற தமிழரசுக் கட்சியின் திருத்தம் 1971இல் தள்ளப்பட்டது. அக்கட்சி அவையை விட்டு நீங்கியது. 1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு, இலங்கை 'ஒற்றையாட்சி' நாடு என்று எழுதிவைத்தது. பலர் கவனியாத ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். விடுதலைக்கு அடிப்படையாயிருந்த சோல்பரி யாப்பில் அப்படியொரு சொல் எழுதப்படவேயில்லை. ஒரு சொல்லுக்கு அஞ்சி அதன் எதிர்ச்சொல்லைச் சட்டத்தில் ஆணியடித்தார்கள். அதற்குமுன் சமஷ்டி ஒரு கோரிக்கையாக இருந்தது. அதன்பின் யாப்புக்கே முரணான சொல்லாயிற்று.

அவ்வாண்டு பெப்ரவரியில் செல்வநாயகம் அமிர்தலிங்கத்துடன் தமிழ்நாட்டுக்கு வந்து தலைவர்களைக் கண்டு சென்றார். மே மாதம் தமிழர் கட்சிகள் ஓரணியாயின. அக்டோபர் 3ஆம் நாள் அவர் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, புதிய யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை இடைத்தேர்தலில் காட்டுவதாக அறைகூவினார். அரசு அவ்விடைத்தேர்தலை இரண்டாண்டுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரி 6ஆம் நாள் நடத்தியது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார்.

அப்போது அவர்க்கு வயது 76. நடுக்குவாத நோய் பல்லாண்டாக அவரைப் பற்றியிருந்தது. செவிப்புலனும் குன்றியது, குரல் அருகிருப்போர்க்கும் எட்டாத அளவு தேய்ந்தது. மேடையில் அவர் சொல்வதை வேறொருவர் உரக்க எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பதாண்டாக ஒரு சொல்லைக் கேட்கச் செய்வதற்கென்று உழைத்தவர் குரலே கேளாமற்போன நிலையில், 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இறைமையுள்ள தனித் தமிழீழமே வழி என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. சமஷ்டி என்ற சொல்லை அவரே கீழே வைத்துவிட்டார்.

மனமுவந்து வைத்தாரா, இளைஞரின் கொந்தளிப்புக்கு இடங்கொடுத்தாரா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். இரண்டு உடன்படிக்கைகளும் இரண்டு தலைமையமைச்சர்களும் கைவிட்டபின் மூன்றாம் தாளை நீட்ட அம்முதியவரிடம் மனம் இருந்திராது என்பதே எனக்குத் தோன்றுவது. 1977 ஏப்பிரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். மூன்றே மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களைப் பெற்றது. பின் வந்த முப்பதாண்டுப் போரும் பேரழிவும் நாம் அறிந்தனவே. அவருடைய நினைவுத் தூண் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு அண்மையில் நிற்கிறது. 1981இல் எரியூட்டப்பட்டு மீண்டெழுந்த அதே நூலகம்.

சொல்லின் கதை அவரோடு முடியவில்லை. 1983இல் யாப்பின் ஆறாம் திருத்தம் தனிநாடு கோருவதைக் குற்றமாக்கியது. 2002 டிசம்பரில் ஒஸ்லோ நகரில் அரசுத் தரப்பும் விடுதலைப் புலிகளும் கூட்டாட்சி முறையில் தீர்வை ஆராய இசைந்தனர், அவ்விசைவும் நிலைக்கவில்லை. 2014இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு. தமிழரசுக் கட்சியின் யாப்பில் 'சமஷ்டி' என்று இருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்ற சொல் புகுந்துள்ளது, ஆகவே அதன் உட்கிடை தனிநாடே என்பது மனுதாரர் வாதம். இரு தமிழ்ச் சொற்களின் பொருள் வேறுபாட்டை நீதியரசர்கள் ஆராய வேண்டி நேர்ந்தது. கன்னித்தமிழ் பயின்ற புலவர் யாரேனும் அம்மன்றத்தில் அன்று இருந்திருக்கலாகாதா என்று எனக்கு ஏக்கம். இரு சொல்லும் ஒரு பொருளிலேயே கையாளப்படுகின்றன என்றும், பிளவுபடாத நாட்டுக்குள் கூட்டாட்சி வேண்டுவது பிரிவினையாகாது என்றும் 2017 ஆகஸ்டு 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. செல்வநாயகம் மறைந்து அப்போது நாற்பதாண்டு ஆகியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் புதிய யாப்புக்கான இடைக்கால அறிக்கை வெளியாயிற்று. நாட்டின் தன்மையைக் குறிக்க ஆங்கிலச் சொல்லைத் தவிர்த்து, சிங்களத்தில் 'ஏகீய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் இரு சொற்களை அது முன்வைத்தது. சிங்களச் சொல் ஒற்றையாட்சியையே குறிக்கிறது என்று தமிழரும், தமிழ்ச் சொல் சமஷ்டியை மறைத்து வைத்திருக்கிறது என்று சிங்களவரும் ஐயுற்றனர். அந்த யாப்பு நிறைவேறவில்லை.